மதர்போர்டு வாங்கும்போது பிராண்டை மட்டும் பார்ப்பதால் நேரும் தவறுகள்

கணினியைப் பாகம் பாகமாக வாங்கித் தாமே சேர்த்துக்கொள்ள நினைப்பவர்கள், மதர்போர்டு என்று வந்ததும் எந்த பிராண்டு நல்லது, எதைத் தொடவே கூடாது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பிராசஸரையும் கிராபிக்ஸ் கார்டையும் வேகத்தை வைத்து எண்களால் ஒப்பிட்டுவிடலாம். மதர்போர்டுக்கு அப்படி ஒரு எண் கிடையாது. அதனால் பெயரைப் பிடித்துக்கொள்கிறோம். முதல் தவறே இதுதான் என்பது என் உறுதியான கருத்து. ஒரே நிறுவனம் ஒரே ஆண்டில், பல வருடம் நம்பி ஓட்டக்கூடிய போர்டையும் வாங்கியவர் வருந்தக்கூடிய போர்டையும் சேர்த்தே விற்கிறது. ஒப்பிட வேண்டியது பிராண்டுகளை அல்ல, மாடல்களை.

இன்று சந்தையில் முன்னணியில் இருக்கும் நான்கு நிறுவனங்களும் தைவானைச் சேர்ந்தவை. எம்எஸ்ஐ, ஜிகாபைட் இரண்டும் 1986-இல் தொடங்கப்பட்டவை, ஏசூஸ் 1989-இல், ஏஎஸ்ராக் 2002-இல் ஏசூஸிலிருந்தே கிளைத்து வந்தது. பாகங்களுக்கிடையே தகவல் போக்குவரத்தைக் கவனிக்கும் சிப்செட்டை இவர்களில் யாரும் செய்வதில்லை; அது இன்டெல் அல்லது ஏஎம்டியிடமிருந்து வருகிறது. ஒலிக்கான சிப் பெரும்பாலும் ரியல்டெக். நெட்வொர்க் சிப் ரியல்டெக் அல்லது இன்டெல். 2020 வாக்கில் இன்டெலின் 2.5 கிகாபிட் நெட்வொர்க் சிப்பின் தொடக்க வடிவத்தில் குறை இருந்தபோது, அதைப் பொருத்திய எல்லா நிறுவனங்களின் போர்டுகளிலும் இணைப்பு விட்டுப்போகும் புகார்கள் எழுந்தன. பெட்டியின் மேல் எந்தப் பெயர் இருந்தது என்பதால் அங்கே எந்த வித்தியாசமும் இல்லை.

அப்படியானால் நிறுவனத்தின் கையில் இருப்பது என்ன? பிராசஸருக்கு மின்சாரம் தரும் விஆர்எம் பகுதி, அதன் மேல் உட்கார்ந்து சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க், எத்தனை ஸ்லாட்டுகள், எந்த போர்ட்டுகள், கணினியைத் தொடக்கி வைக்கும் பயாஸ் மென்பொருள், வாரண்டி. இவற்றில் விஆர்எம்மைப் பார்க்காமல் வாங்குவதே எனக்குத் தெரிந்து அதிகம் பேரைப் பாதிக்கும் தவறு என்பதால், அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் எட்டு முனை இணைப்பு 12 வோல்ட் மின்சாரத்தைத் தருகிறது. பிராசஸருக்கு வேண்டியதோ ஏறத்தாழ 1.2 வோல்ட். இந்த மாற்றத்தைச் செய்வதுதான் விஆர்எம். 150 வாட் இழுக்கும் ஒரு பிராசஸருக்கு 1.2 வோல்ட்டில் 125 ஆம்பியர் மின்னோட்டம் பாய வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்த்தால், பிராசஸர் உட்காரும் சாக்கெட்டின் இடப்பக்கமும் மேல்பக்கமும் வரிசையாக நிற்கும் அந்தச் சிறு கருப்புச் சதுரங்கள் எவ்வளவு பெரிய சுமையைத் தாங்குகின்றன என்பது விளங்கும். இன்டெலின் ஐ9-14900கே போன்ற பிராசஸருக்கு அதிகபட்ச மின்அளவு 253 வாட். அது எச்610 சிப்செட் கொண்ட மலிவான போர்டிலும் அழகாகப் பொருந்தும், இயங்கவும் செய்யும். ஆனால் அந்த வகை போர்டுகள் பலவற்றில் விஆர்எம் மேல் ஹீட்சிங்க்கே இருப்பதில்லை. சூடு ஏறியதும் போர்டு தன்னைக் காத்துக்கொள்ளப் பிராசஸரின் வேகத்தைக் குறைத்துவிடும்.

இதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். நண்பர் ஒருவர் வீடியோ வேலைக்காக 12 கோர் பிராசஸர் ஒன்றை வாங்கி, நல்ல பெயர் பெற்ற ஒரு நிறுவனத்தின் அடிமட்ட போர்டில் பொருத்தியிருந்தார். முதல் சில நிமிடங்கள் எல்லாம் சரியாக இருந்தது. பத்து நிமிடம் தாண்டியதும் வேகம் பாதியாகச் சரிந்தது, சிறிது நேரத்தில் ஏறியது, மறுபடியும் சரிந்தது. பிராசஸரின் கூலரை மாற்றியும் பயனில்லை. வெப்பநிலை காட்டும் மென்பொருளில் விஆர்எம் என்ற வரியைப் பார்த்த பிறகுதான் காரணம் புரிந்தது. அதே நிறுவனத்தின் அடுத்த படிநிலை போர்டுக்கு மாறியதும் சிக்கல் தீர்ந்தது. நிறுவனம் மாறவில்லை, மாடல்தான் மாறியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இங்கே இன்னொரு பொறியும் உண்டு. பெட்டியில் 12+2, 16+1 என்று அச்சிட்டிருப்பார்கள். விஆர்எம்மில் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் மின்கட்டங்களின் இந்த எண்ணிக்கை மட்டும் எதையும் சொல்லிவிடாது. ஒவ்வொரு கட்டமும் 50 ஆம்பியர் தாங்குவதா 90 ஆம்பியர் தாங்குவதா, ஹீட்சிங்க் கனமான உலோகமா வெறும் அலங்கார மூடியா என்பவை சேர்ந்தால்தான் படம் முழுமையாகும். நீண்ட நேரச் சுமையில் விஆர்எம் வெப்பநிலையை அளந்து காட்டும் விமர்சனம் ஒன்றாவது படித்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

பெயர்களில் ஏமாறுவது அடுத்தது. ஏசூஸின் பிரைம், டஃப், ஆர்ஓஜி, எம்எஸ்ஐயின் புரோ, மேக், எம்இஜி, ஜிகாபைட்டின் யுடி, ஆரஸ், ஏஎஸ்ராக்கின் ஸ்டீல் லெஜண்ட், டாய்ச்சி ஆகியவை விலைப் படிநிலையைக் குறிப்பவை. தரச் சான்றுகள் அல்ல. ஒரே குடும்பப் பெயர் பல சிப்செட்டுகளில் வரும். சிப்செட் பெயர்களும் குழப்பக்கூடியவை: ஏஎம்டியின் பி840, பி850 இரண்டும் எண்ணில் நெருங்கியவை என்றாலும், பி840-இல் பிராசஸரை ஓவர்கிளாக் செய்ய, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்ட முடியாது, கார்டுகளையும் எஸ்எஸ்டியையும் இணைக்கும் பிசிஐஇ தடங்களும் அந்த சிப்செட்டில் பழைய 3.0 தலைமுறையைச் சேர்ந்தவை. இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட்டுக்கோ, ஏறத்தாழ ஒரே மாடல் பெயரில் டிடிஆர்4 ரேமுக்கு ஒன்றும் டிடிஆர்5 ரேமுக்கு ஒன்றும் வந்தன. இரண்டு ரேம்களையும் மாற்றிப் பொருத்த இயலாது என்பதால், பெயரின் கடைசி எழுத்துகள் வரை படித்துப் பார்க்க வேண்டும்.

கையேட்டைப் படிக்காமல் வாங்குவதும் தவறுதான். அது நிறுவனத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி செருகினால் ஹார்டு டிஸ்க் இணைக்கும் சாட்டா போர்ட்டுகள் இரண்டு செயலிழக்கும் என்பது போன்ற செய்திகள் அங்கே ஒரு சிறு அட்டவணையில் இருக்கும், பெட்டியில் இருக்காது.

பழைய பெயரை வைத்து இன்று முடிவெடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2000-களின் தொடக்கத்தில் மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் கெபாசிட்டர்கள் தரமற்றவையாக இருந்ததால் பல நிறுவனங்களின் போர்டுகளில் உப்பி வெடித்தன. அப்போது உண்டான வெறுப்பு சிலருக்கு இன்னும் போகவில்லை. அந்தக் காலத்தில் ஆர்வலர்கள் கொண்டாடிய அபிட் என்ற நிறுவனம் இப்போது இல்லை. மேசைக் கணினி போர்டுகளிலிருந்து விலகுவதாக இன்டெல் 2013-இல் அறிவித்தது. மலிவு பிராண்டாக அறிமுகமான ஏஎஸ்ராக் இன்று உயர்நிலை போர்டுகளும் செய்கிறது. மறுபக்கம், 2021 இறுதியில் ஏசூஸின் விலை உயர்ந்த மேக்சிமஸ் இசட்690 ஹீரோ போர்டுகள் சிலவற்றில் ஒரு கெபாசிட்டர் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தது தெரியவந்து, நிறுவனமே மாற்றிக் கொடுக்க நேர்ந்தது. ஆக, அதிக விலை கொடுத்துவிட்டதாலேயே குறை இராது என்று நம்புவதற்கில்லை.

போர்டு வந்ததும் பயாஸைப் புதுப்பிக்காமல் விடுவதை நான் மிகவும் கவலையோடு பார்க்கிறேன். 2023-இல் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசஸர்கள் சில கருகிப்போனபோது, பிராசஸருக்குள் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதிக்குச் செல்லும் எஸ்ஓசி மின்னழுத்தம் 1.3 வோல்ட்டைத் தாண்டாதபடி ஏஎம்டி வரம்பு வைத்தது. போர்டு நிறுவனங்கள் புதிய பயாஸ் வெளியிட்டன. 2024-இல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை பிராசஸர்கள் நிலைகுலைந்தபோதும் தீர்வு 0எக்ஸ்129 போன்ற மைக்ரோகோடுகளாக, அதாவது பிராசஸருக்குள் இயங்கும் அடிப்படை நிரல்களாக, பயாஸ் வழியாகவே வந்தது. இவற்றுக்கு முன்பே தயாராகிக் கடை அலமாரியில் கிடந்த போர்டில் இவை இருக்காது. புதிய பிராசஸரைப் பழைய போர்டில் வைத்துத் திரையே வராமல் திண்டாடுவதைத் தவிர்க்க, பிராசஸர் இல்லாமலே பயாஸை ஏற்றும் பொத்தான் உள்ள மாடலைத் தேர்ந்தெடுக்கலாம். ஜிகாபைட் இதை க்யூ-ஃபிளாஷ் பிளஸ் என்கிறது, ஏசூஸ் பயாஸ் ஃபிளாஷ்பேக் என்கிறது.

போர்டின் மேல் போடப்படும் பழிகளில் சில அதற்கு உரியவையும் அல்ல. ரைசன் 7000 வரிசையில் இரண்டு டிடிஆர்5 ரேம்களுக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் 5200. நான்கு செருகினால் 3600. நான்கையும் நிரப்பிவிட்டு 6000-இல் ஓடவில்லை என்று போர்டைத் திருப்பிக் கொடுப்பது வீண் அலைச்சல். அதேபோல் புகார்களின் எண்ணிக்கையை மட்டும் கூட்டிப் பார்ப்பதும் நியாயமாகாது. அதிகம் விற்கும் நிறுவனத்தின் மீது அதிகப் புகார் இருப்பது இயல்பு.

பிராண்டு உண்மையாகவே கணக்கில் வருவது வாரண்டியில்தான். போர்டு எங்கே அனுப்பப்படும், எத்தனை நாளில் திரும்பும், பழுது பார்ப்பார்களா மாற்றித் தருவார்களா என்பவற்றை வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். எல்ஜிஏ1700, ஏஎம்5 சாக்கெட்டுகளில் பின்கள் போர்டின் பக்கம் இருப்பதால், ஒரு பின் வளைந்திருந்தாலும் வாரண்டி மறுக்கப்படக்கூடும். பெட்டியைத் திறந்ததும் சாக்கெட்டின் மூடியை உயர்த்தி, நல்ல வெளிச்சத்தில் பின் வரிசைகளைத் தெளிவாகப் படம் எடுத்துவிட்டு, போர்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் ரிவிஷன் எண்ணையும் சீரியல் எண்ணையும் இன்னொரு படத்தில் பதிவு செய்துகொண்ட பிறகே பிராசஸரைக் கையில் எடுக்க வேண்டும்.