ஜீனோமிக்ஸ் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீக்வென்சிங், அதாவது டிஎன்ஏ, ஆர்என்ஏ எழுத்து வரிசையைப் படிக்கும் சோதனையின் முடிவு சரியாக வரவில்லை என்றால் ஆராய்ச்சியாளர்கள் முதலில் கருவியைத்தான் சந்தேகிக்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு அதற்கு வெகு முன்பே நேர்ந்திருக்கும்: அறுவை அரங்கில், ஃப்ரீசருக்குப் போகும் வழியில், அல்லது ஆய்வைத் திட்டமிட்ட மேசையிலேயே. நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த கட்டித் திசு இன்னொரு முறை கிடைக்காது. அதனால் ஆய்வகத்தோடு பேச வேண்டிய நேரம், மாதிரி சேகரிக்கத் தொடங்குவதற்கு முன்பு. சேகரித்து முடித்துவிட்டு "இதை வைத்து என்ன செய்யலாம்?" என்று கேட்பதுதான் மற்ற பல தவறுகளுக்கும் வேர்.

என் பார்வையில் மிக ஆபத்தானது தொகுதி விளைவு (batch effect): மாதிரிகளைத் தனித்தனித் தொகுதிகளாகக் கையாள்வதால் மட்டுமே வரும் வேறுபாடு. புற்றுநோய் மாதிரிகளை ஒரு வாரமும், இயல்பான மாதிரிகளை அடுத்த மாதம் வேறு கிட்டிலும் (பிரித்தெடுக்கும் வேதிப்பொருள் தொகுப்பு) பிரித்தெடுத்தால், பின்னால் தெரியும் வேறுபாடு நோயால் வந்ததா, கிட்டால் வந்ததா என்று எந்தப் புள்ளியியலாலும் பிரித்துச் சொல்ல முடியாது. பெரிய குழுக்களும் இதில் சிக்கியிருக்கின்றன. மனித இதயத்தின் மரபணு வெளிப்பாடு எலியின் இதயத்தைவிட மனிதனின் மற்ற உறுப்புகளையே அதிகம் ஒத்திருக்கிறது என்ற வகையில் 2014இல் ஓர் ஆய்வு வெளியானது. 2015இல் யோவ் கிலாட், ஓர்னா மிஸ்ராகி-மான் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் அந்தத் தரவுக் கோப்புகளில் பதிந்திருந்த கருவி விவரங்களைத் தோண்டிப் பார்த்தார்கள். மனித மாதிரிகளும் எலி மாதிரிகளும் பெரும்பாலும் தனித்தனியாகவே சீக்வென்ஸ் செய்யப்பட்டிருந்தன. அந்த விளைவைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்தபோது இதயம் இதயத்தோடும் மூளை மூளையோடும் சேர்ந்தது. ஆகவே ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு வகை மாதிரிகளையும் குலுக்கிக் கலந்து வையுங்கள். பிரித்தெடுத்த தேதி, கிட்டின் லாட் எண், செய்தவர் யார் என்பதை அன்றே எழுதி வையுங்கள்.

அடுத்தது பாரஃபின் பிளாக், அதாவது ஃபார்மலினில் பதப்படுத்தி மெழுகில் பதித்து வைத்த திசு. மருத்துவமனைகளில் பழைய பிளாக்குகள் நிறைய இருப்பதால் பலரும் அதிலிருந்தே தொடங்குகிறார்கள். தொடங்கலாம், ஆனால் ஃபார்மலின் செய்யும் வேலையைத் தெரிந்துகொண்டு தொடங்க வேண்டும். அது டிஎன்ஏவைத் துண்டாக்குகிறது. டிஎன்ஏ எழுத்துகளில் ஒன்றான சைட்டோசினின் அமைன் தொகுதி கழன்று யுராசில் ஆகிவிட, கருவி அதைத் தைமின் என்ற வேறு எழுத்தாகப் படிக்கிறது. குறைந்த விகிதத்தில் தென்படும் இந்தப் போலித் திரிபுகளை உண்மையான புற்றுநோய்த் திரிபுகள் என்று நம்பிவிடும் அபாயம் பெரிது. யுராசிலை வெட்டி நீக்கும் நொதியைச் சேர்த்தால் பெரும்பகுதி குறையும். மெத்தில் ஏறிய சைட்டோசின் நேரடியாகவே தைமின் ஆகிவிடுவதால் அங்கே அந்த நொதி உதவாது. ஆர்என்ஏ எடுப்பதாக இருந்தால் ஆர்என்ஏ எவ்வளவு சிதையாமல் இருக்கிறது என்று காட்டும் வழக்கமான ஆர்ஐஎன் மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள். 200 நியூக்ளியோடைடுகளைவிட நீளமான துண்டுகள் எத்தனை சதவீதம் என்று சொல்லும் டிவி200 அளவைக் கேளுங்கள். ஆர்என்ஏவின் முனையில் உள்ள பாலி-ஏ வாலைப் பிடித்து இழுக்கும் முறையும் இங்கே பொருந்தாது. உடைந்த துண்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வாலே இருக்காது.

ஒளி உறிஞ்சலை வைத்து டிஎன்ஏவை அளக்கும் நானோடிராப் கருவி காட்டும் அளவை அப்படியே படிவத்தில் எழுதி அனுப்புவது அன்றாடம் நடக்கும் தவறு. 260 நானோமீட்டர் ஒளியை டிஎன்ஏ மட்டுமல்ல, ஆர்என்ஏவும் தனி நியூக்ளியோடைடுகளும்கூட உறிஞ்சும். குயூபிட் போன்ற ஒளிரும் சாய முறையில் அளந்தால் பாதிகூடத் தேறாமல் போகலாம். நானோடிராப்பைத் தூய்மை பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், அளவுக்குக் குயூபிட்டை நம்புங்கள்.

ரத்தம் எடுக்கும்போது பச்சை மூடி ஹெப்பாரின் குழாயைத் தவிர்த்துவிடுங்கள், ஹெப்பாரின், டிஎன்ஏவைப் பல நகல்களாகப் பெருக்கும் பிசிஆரைத் தடுக்கும். ஊதா மூடி ஈடிடிஏ குழாய் சரி. ஆனால் பிளாஸ்மாவில் மிதக்கும் கட்டி டிஎன்ஏவைத் தேடுகிறீர்கள் என்றால் சில மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும். தாமதித்தால் வெள்ளணுக்கள் உடைந்து, அவற்றின் டிஎன்ஏ வெள்ளத்தில் நீங்கள் தேடுவது அமுங்கிப்போகும்.

செலவைக் குறைக்க அதே நோயாளியின் இயல்பான மாதிரியை விட்டுவிடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அது இல்லாமல் பிறவியிலேயே வந்த மாற்றத்தையும் கட்டியில் புதிதாகத் தோன்றியதையும் உறுதியாகப் பிரிக்க முடியாது. சென்னை ஐஐடி 2025இல் வெளியிட்ட மார்பகப் புற்றுநோய் மரபணுத் தரவுத்தளத்தில் 480 நோயாளிகளுக்கு 960 எக்ஸோம்கள் (புரதங்களுக்கான டிஎன்ஏ பகுதிகள்) இருப்பது இதனால்தான்: ஒவ்வொருவருக்கும் இணையாக இரண்டு மாதிரிகள். இயல்பான மாதிரியாகப் பெரும்பாலும் ரத்தத்தை எடுக்கலாம், ஆனால் ரத்தப் புற்றுநோயில் ரத்தமே நோயுற்றது என்பதால் தோல் போன்ற வேறு திசு வேண்டும். எச்சிலிலும் வெள்ளணுக்கள் கலந்திருக்கும் என்பதால் அதை நம்ப வேண்டாம்.

எத்தனை முறை படிக்க வேண்டும் என்ற கணக்கையும் முன்பே போடுங்கள். திசுவில் 30 சதவீதம் மட்டுமே புற்றுச்செல்கள் என்றால், இரு பிரதிகளில் ஒன்றில் உள்ள திரிபு கருவி படிக்கும் வரிகளில் (ரீட்) 15 சதவீதத்தில்தான் தெரியும். 30 மடங்கு ஆழத்தில், அதாவது ஒவ்வோர் இடத்தையும் சுமார் 30 முறை படித்தால், அது நான்கைந்து வரிகள். அதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

செல் வரிசைகளில் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல்கள்) வேலை செய்பவர்கள், அவை யாருடைய செல்கள் என்று டிஎன்ஏ அடையாளத்தால் உறுதிசெய்யும் எஸ்டிஆர் சோதனை செய்யாமல் அனுப்ப வேண்டாம். எம்டிஏ-எம்பி-435 என்ற வரிசையை மார்பகப் புற்றுநோய் என்று நம்பிப் பல ஆண்டுகள் ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. உண்மையில் அது எம்14 என்னும் மெலனோமா (தோல் நிறமிச் செல் புற்றுநோய்) வரிசை.

தரவு வந்த பிறகும் கவனம் வேண்டும். மரபணுப் பட்டியலை எக்செலில் திறந்தால் மார்ச்1, செப்ட்2 போன்ற பெயர்கள் தேதிகளாக மாறிவிடும். எக்செல் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றில் இப்படிப்பட்ட பிழை இருப்பதை 2016இல் வந்த ஆய்வு காட்டியது. மரபணுப் பெயர்க் குழு கடைசியில் அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது. பழைய பட்டியல்களில் பழைய பெயர்கள்தான் இன்னும் இருக்கின்றன, அவற்றைத் திறக்கும்போது அந்த நெடுவரிசையை உரை வடிவில் இறக்குமதி செய்யுங்கள். மூலக் கோப்புகளை ஆய்வகம் எத்தனை நாள் வைத்திருக்கும் என்று கேட்டு, அந்தக் கெடுவுக்குள் இரண்டு இடங்களில் நகல் எடுத்துவிடுங்கள்.