பீட்டா மீனுக்கு பதாமியே சருகு

துடுப்பு கிழிந்து சோர்ந்து கிடக்கும் பீட்டா மீனுக்கு (தொட்டியில் வளர்க்கும் சண்டை மீன்), கடற்கரையில் பதாமியே மரத்தடியில் உதிர்ந்து காய்ந்த பழுப்பு இலை ஒன்றை எடுத்துக் கழுவி, 20 லிட்டர் தண்ணீரில் போடுங்கள். தமிழில் நாட்டு வாதுமை என்போமே, அதேதான். இலையிலிருந்து இறங்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் தண்ணீரைக் கொஞ்சம் அமிலமாக்கி, பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருகுவதை மட்டுப்படுத்தும். தண்ணீர் தேநீர் நிறமாகும், பயப்பட வேண்டாம். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள். டானினை அதுவே உறிஞ்சிவிடும். பச்சை இலை கூடாது. வயிறு வீங்கிச் செதில் சிலிர்த்து நின்றால் இந்த வைத்தியம் பலிக்காது. மொரீஷியஸில் கியூர்பிப் பக்கம் ஜூலைக் குளிரில் தண்ணீர் 25 டிகிரிக்குக் கீழே இறங்கினால் முதலில் ஹீட்டர் போடுங்கள், இலை அப்புறம்.