ஆர்க்கிட்டின் பழைய தண்டை வெட்டாதீர்கள்

டென்ட்ரோபியம் ஆர்க்கிட்டின் பழைய தண்டு இலை உதிர்ந்து மொட்டையானதும் பலர் வெட்டி எறிந்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். செடிக்கான நீரும் சத்தும் அதில்தான் சேமிப்பாக இருக்கின்றன. தண்டு பச்சையாக இருக்கும்வரை கணுவில் குட்டிச் செடி முளைக்க வாய்ப்பு உண்டு. அதைக் 'கெய்கி' என்பார்கள்; ஹவாய் மொழியில் குழந்தை என்று பொருள்.

புதுச்சேரியில் எங்கள் மாடியில் போன மாதம்தான் ஒன்றைப் பிரித்தேன். குட்டியின் வேர் 5 செ.மீ.யாவது வளரும்வரை பொறுத்திருங்கள். கத்தியைத் தீயில் காட்டி, ஆறியதும் தாய்த்தண்டை ஒட்டி அறுத்து, வெட்டுப்பட்ட இடத்தில் மட்டும் சமையல் பட்டைத்தூள் தடவுங்கள். வேரில் பட்டால் வேர் காய்ந்துவிடும்.

மண் கூடவே கூடாது. மரத்தில் தொற்றி வளரும் செடி இது, வேருக்குக் காற்று வேண்டும். நிறைய துளையுள்ள சின்னத் தொட்டியில் அடுப்புக்கரித் துண்டும், ஊறவைத்துக் கழுவிய தேங்காய் மட்டைத் துண்டும் போதும். குட்டியை ஒரு குச்சியோடு கட்டிவிடுங்கள். ஆடினால் புது வேரின் நுனி உடையும்.

அப்புறம் தண்ணீர். கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு, ஆர்க்கிட்டுக்கு ஆகாது. நான் மூடிபோட்ட டிரம்மில் மழைநீர் பிடித்துவைக்கிறேன். வேர் வெளுத்திருந்தால் ஊற்றலாம். பச்சையாகத் தெரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைச் சன்ஷேடுக்கு அடியில் நகர்த்திவிடுங்கள். குருத்தில் நீர் தேங்கினால் அழுகிவிடும்.