வெள்ளையெல்லாம் ஒரே கொக்கு அல்ல: பறவைகளை அடையாளம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயலிலோ ஏரிக்கரையிலோ வெள்ளையாக ஒரு பறவை நின்றால், "கொக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். தமிழ்நாட்டில் அது சின்னக் கொக்கு, உண்ணிக்கொக்கு, நடுத்தரக் கொக்கு, பெரிய கொக்கு ஆகிய நான்கில் எதுவாகவும் இருக்கலாம். நிறத்தை மட்டும் நம்பிப் பெயர் சொல்வதுதான் பறவை பார்க்கத் தொடங்குபவர்களின் முதல் தவறு.

அலகையும் காலையும் பாருங்கள். சின்னக் கொக்குக்கு இரண்டுமே கறுப்பு, விரல்கள் மட்டும் மஞ்சள். சேற்றில் நிற்கும்போது விரல்கள் தெரியாது. பறந்து எழும்வரை பொறுத்திருந்தால் மஞ்சள் பளிச்சிடும். உண்ணிக்கொக்குக்கு மஞ்சள் அலகு, குட்டைக் கழுத்து. இனப்பெருக்கக் காலத்தில் அதன் தலையும் கழுத்தும் ஆரஞ்சு கலந்த பழுப்பாகிவிடும். அலகின் நிறமும் மாறக்கூடியதுதான். பெரிய கொக்கின் மஞ்சள் அலகு இனப்பெருக்கக் காலத்தில் கறுத்துவிடும். கறுப்பு அலகைக் கண்டவுடன் சின்னக் கொக்கு என்று குறித்துக்கொள்வது அதனால்தான் ஆபத்து. அப்போதும் பெரிய கொக்கின் விரல்கள் மஞ்சளாக இருப்பதில்லை. பெரிய கொக்கையும் நடுத்தரக் கொக்கையும் பிரிக்க, அலகின் அடியிலிருந்து கண்ணை நோக்கிப் போகும் வாய்க்கோட்டைக் கவனியுங்கள். பெரியதற்கு அது கண்ணைத் தாண்டிப் பின்னால் நீளும். மற்றதற்குக் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். இந்த ஒரு கோட்டை நான் உயரத்தைவிட அதிகம் நம்புவேன்.

நடத்தையும் உதவும். மேயும் மாட்டின் காலடியில் பூச்சி பொறுக்குவது பெரும்பாலும் உண்ணிக்கொக்கு. ஆழமில்லாத நீரில் காலால் கிளறி இரையைக் கலைத்துப் பிடிப்பது சின்னக் கொக்கின் வழக்கம். ஆனால் இடத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். வேடந்தாங்கலில் உண்ணிக்கொக்கு மற்ற நீர்ப்பறவைகளோடு ஒரே மரத்தில் கூடு கட்டும். மடையான் எனப்படும் குளத்துக் கொக்கோ உட்கார்ந்திருக்கும்போது மண்ணோடு மண்ணாகப் பழுப்பாக இருந்து, சிறகை விரித்தவுடன் வெள்ளைப் பறவையாகிவிடும்.

ஆண், பெண், குஞ்சு என்ற வேறுபாட்டை மறப்பது இன்னொரு தவறு. கறுப்புக் குயிலையும் உடலெங்கும் வெள்ளைப் புள்ளிகள் கொண்ட பழுப்புக் குயிலையும் இரண்டு இனங்களாக எண்ணுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். புள்ளிகள் உள்ளது பெண். நாம் ரசிக்கும் அந்தக் "குக்கூ" ஆணின் குரல். செம்பருந்தின் இளம் பறவை பழுப்பாக இருப்பதால் அதைக் கரும்பருந்து என்று நினைத்துவிடுவோம். வாலைப் பாருங்கள்: கரும்பருந்துக்கு நடுவில் பிளவு, செம்பருந்துக்கு வட்டமான முனை. கரும்பருந்து வாலை முழுவதும் விரித்தால் பிளவு மறைந்துபோகும். அது வாலைச் சுருக்கும்வரை கண்ணை எடுக்காதீர்கள்.

தனியாக நிற்கும் பறவையின் அளவைக் கண்ணால் மதிப்பிடுவதும் ஏமாற்றும். சிட்டுக்குருவி, மைனா, காகம் ஆகிய மூன்றையும் மனத்தில் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். சூரியனுக்கு எதிரே பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்புத்தான். கொஞ்சம் சுற்றி நடந்து வெயிலை முதுகுக்குப் பின்னால் கொண்டுவாருங்கள். பறவை எதிரில் இருக்கும்போதே புத்தகத்தையோ செயலியையோ திறக்காதீர்கள். அலகு, கால், வால், அது என்ன செய்கிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பறவை பறந்துபோன பிறகும் புத்தகம் கையில்தான் இருக்கும்.