அல்ஜினேட் ஜெல்லுல இம்யூன் மருந்து ஏத்துறது எப்படி? முதல்ல வெறும் ஜெல்லை டெஸ்ட் பண்ணுங்க

ஐஎல்-2 (இம்யூன் செல்லை தூண்டுற புரோட்டீன்) மாதிரி மருந்தை நரம்புல ஏத்தினா ரத்தத்துல ரொம்ப நேரம் நிக்காது, அதனால டோஸை கூட்டணும், கூட்டினா ரத்தக்குழாய் கசிஞ்சு பிபி இறங்கிடும். அதான் மருந்தை ஒரு ஜெல்லுல வச்சு தேவையான இடத்துலயே மெதுவா விடலாம்னு இத்தனை பேர் உழைக்கிறாங்க. 2009ல ஹார்வர்டுல டேவிட் மூனி குரூப் ஒரு பாலிமர் துண்டுல ஜிஎம்-சிஎஸ்எஃப் (இம்யூன் செல்லை வளர்த்து இழுக்கிற புரோட்டீன்), சிபிஜி டிஎன்ஏ (இம்யூன் செல்லை உசுப்புற டிஎன்ஏ துண்டு), அரைச்ச ட்யூமர் மூணையும் ஏத்தி எலிக்குள்ள வச்சாங்க, எதிரியை மத்த இம்யூன் செல்லுக்கு காட்டிக்குடுக்கிற டென்ட்ரிடிக் செல்லுங்க தானா அங்க தேடி வந்துச்சு. 2013ல மெலனோமா (ஒரு வகை தோல் கேன்சர்) பேஷன்ட்ஸ்கிட்டயும் ட்ரையல் ஆரம்பிச்சுது.

லேப்ல புதுசா ஆரம்பிக்கிறவங்க அல்ஜினேட்ல ஜிஎம்-சிஎஸ்எஃப் மட்டும் ஏத்திப் பாருங்க, அது போதும். அல்ஜினேட் பழுப்பு கடல்பாசியில இருந்து வர்றது, நம்ம மன்னார் வளைகுடா சர்காசம் பாசியிலயும் இருக்கு. பாசின்னாலே கூடவே அழுக்கும் வரும், அதுல பாக்டீரியா சுவர்ல இருந்து வர்ற நச்சான எண்டோடாக்சின்தான் பெரிய வில்லன். ஆட்டோகிளேவ்ல நீராவியில வேக வச்சாலும் போகாது. எண்டோடாக்சின் கொஞ்சம் இருந்தாலே டென்ட்ரிடிக் செல் உஷாராயிடும், நீங்க மருந்து வேலை செஞ்சுதுன்னு சந்தோஷப்படுவீங்க, உண்மையில வேலை செஞ்சது அழுக்கு. அதனால அல்ட்ராப்யூர் கிரேடா வாங்குங்க, எண்டோடாக்சினை கண்டுபிடிக்கிற எல்ஏஎல் டெஸ்ட் பண்ணுங்க, கண்ணாடி சாமானை 250 டிகிரியில அரை மணி நேரம் சுடுங்க.

அப்புறம் மருந்தே இல்லாத ஜெல்லை எலும்பு மஜ்ஜையில வளர்த்த டென்ட்ரிடிக் செல்லோட ஒரு நாள் வச்சு சிடி86 (செல் உஷாரானா அதோட மேல கூடுற புரோட்டீன்) ஏறுதான்னு பாருங்க. ஜெல்லை இறுக்கச் சேர்க்கிற கால்சியம் கசிஞ்சாலே அதுவே செல்லை கிளப்பிவிடும், அதனால வெறும் ஜெல்லுலயும் மருந்து ஜெல்லுலயும் கால்சியம் அளவு ஒண்ணாத்தான் இருக்கணும். இந்த ஸ்டெப்பை தயவுசெஞ்சு தாண்டிப் போகாதீங்க.

ஜெல் போடுறது ஈஸிதான். 2% அல்ஜினேட்டை ராத்திரி முழுக்க கலக்க விடுங்க, மருந்தை அதுல சேருங்க, கால்சியம் சல்பேட் கலவையை இன்னொரு சிரிஞ்ச்ல எடுத்து ரெண்டையும் கனெக்டர்ல மாட்டி காத்து புகாம வேகமா முன்னும் பின்னும் தள்ளுங்க, உடனே கண்ணாடி தட்டுக்கு நடுவுல ஊத்திடுங்க. கால்சியம் குளோரைடு வேண்டாம், தொட்ட இடம் மட்டும் சட்டுனு இறுகிடும், உள்ள திரவமாவே கிடக்கும்.

ஜெல்லுல இருந்து மருந்து எப்படி வெளிய வருதுன்னு பாக்குற ரிலீஸ் டெஸ்ட்ல நிறைய பேர் பழக்கத்துல பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) ஊத்திடுறாங்க, அதுல இருக்கிற பாஸ்பேட் கால்சியத்தை உருவிடும், ஜெல் கரைஞ்சு மருந்து கொட்டிடும். ஹெப்பிஸ் பஃபர்ல (பாஸ்பேட் இல்லாத கரைசல்) 1.8 மில்லிமோலார் கால்சியம் போட்டு, புரோட்டீன் ட்யூப்ல ஒட்டாம இருக்க கொஞ்சம் பிஎஸ்ஏ (மாட்டு ரத்தத்துல இருந்து எடுக்கிற புரோட்டீன்) சேர்த்து, 37 டிகிரியில வைங்க. எலைசாங்கிற ஆன்டிபாடி டெஸ்ட் மருந்து எவ்வளவு வெளிய வந்துச்சுன்னுதான் சொல்லும், அது இன்னும் வேலை செய்யுதான்னு சொல்லாது, அதுக்கு வெளிய வந்ததை மஜ்ஜை செல்லுக்கு குடுத்து வளருதான்னு பாக்கணும். எலி செல்னா எலி ஜிஎம்-சிஎஸ்எஃப்பே வாங்கணும், மனுஷ புரோட்டீன் எலிகிட்ட வேலை செய்யாது.

முதல் நாளே முக்கால்வாசி வெளிய வந்துடுச்சா? ஜிஎம்-சிஎஸ்எஃப் சின்ன புரோட்டீன், ஜெல்லோட ஓட்டை வழியா நழுவிடும். பிஎல்ஜிஏ (உடம்புல மெதுவா உடையுற பாலிமர்) மைக்ரோஸ்பியர்ல, அதாவது நுண்ணிய உருண்டையில அடைச்சு ஜெல்லுக்குள்ள போடுங்க. பிஎல்ஜிஏ உடையும்போது உள்ள ஆசிட் சேரும், புரோட்டீன் கெடலாம், அதனால அந்த மஜ்ஜை செல் டெஸ்டை இன்னொரு தடவை ஓட்டுங்க.