தங்கமீன் முட்டை போட்டால் அன்று காலையே செய்ய வேண்டியவை

கார்த்திகை மழை இரண்டு நாள் அடித்து ஓய்ந்த மறுநாள். விடியப்புறம் கிணற்றடியில் சளபுள என்று ஒரே சத்தம். பூனை தொட்டிக்குள் விழுந்துவிட்டதாக்கும் என்று டோர்ச்சோடு ஓடினேன். பார்த்தால், வயிறு பருத்த தங்கமீன் ஒன்றை மூன்று மெலிந்த மீன்கள் சுவரோரமாகத் துரத்தித் துரத்தி இடித்துக்கொண்டிருந்தன. சண்டை போடுகின்றன, களைத்தால் நிறுத்தும் என்று வந்து தேத்தண்ணி குடித்தேன். பத்து மணிக்குத் திரும்பிப் போனபோது, மிதக்கும் செடிகளின் வேர்களில் ஒட்டியிருந்த முட்டைகளைக் கப்பி மீன்களும் கோய் கெண்டையும் சேர்ந்து மேய்ந்துகொண்டிருந்தன. பந்தியில் முதல் ஆளாய் நின்றது தாய்தான்.

தங்கமீனுக்கு முட்டையைக் காக்கும் பழக்கமே கிடையாது. ஒரு தரத்தில் நூற்றுக்கணக்கில், சிலவேளை ஆயிரத்துக்கு மேலும் இறைத்துவிட்டுப் போய்விடும். பல சாதி மீன்கள் ஒன்றாக இருக்கும் தொட்டியில் குஞ்சு வேண்டுமென்றால் முட்டையை வெளியே எடுத்துவிடுங்கள். மீன்களைப் பிடித்துப் பிரிப்பது பெரிய தொட்டியில் நடக்கிற காரியமில்லை.

படி 1: ஆணையும் பெண்ணையும் அடையாளம் காணுங்கள்

காலம் வந்தால் ஆண் மீனின் செவுள் மூடியிலும் முன்துடுப்பின் ஓரத்திலும் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். இதை நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுகிறவர்கள் உண்டு. வெண்புள்ளி நோய் என்றால் உடம்பு, வால் என்று எல்லா இடத்திலும் பரவும். பெண்ணை மேலிருந்து பாருங்கள், வயிறு ஒரு பக்கம் கூடுதலாகத் தள்ளி நிற்கும்.

படி 2: முட்டை ஒட்ட இடம் கொடுங்கள்

முட்டை பசைபோல ஒட்டும். ஆகாயத்தாமரை இருந்தால் அதன் வேரே போதும். இல்லையென்றால் சீனி வந்த பிளாஸ்டிக் பையைக் கழுவி, இழை இழையாகப் பிரித்து, ஒரு முழ நீளத்தில் வெட்டி, கைப்பிடி அளவு சேர்த்து நடுவில் கட்டுங்கள். மூடி இறுக்கிய வெற்றுப் போத்தலில் தொங்கவிட்டால் மிதக்கும். உரம் வந்த பை வேண்டாம். தென்னந்தும்பும் நல்லதுதான், ஆனால் சாயம் இறங்கி முடியும்வரை இரண்டு மூன்று தரம் அவிக்க வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

மழை விழுந்து, பிறகு வெயில் எறிக்கத் தொடங்கும் நாட்களில் இதைப் போட்டு வையுங்கள்.

படி 3: துரத்தல் ஓய்ந்ததும் எடுங்கள்

விடியற்காலையில் தொடங்கும், சில மணி நேரத்தில் அடங்கும். அடங்கியதும் இழைக்கட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கடுகைவிடக் கொஞ்சம் சிறிதாய், தேன் கலந்த கண்ணாடி மணிபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். உதற வேண்டாம், சுரண்ட வேண்டாம். தண்ணீர் நிறைந்த வாளியில் கட்டோடு இறக்குங்கள்.

ஒரு பெண்ணை நாலைந்து ஆண்கள் விடாமல் துரத்திச் செதில் கழன்றிருந்தால், அதை மட்டும் ஓரிரு நாள் தனியே விடுங்கள்.

படி 4: முட்டைக்குத் தனித் தொட்டி

அகலமான பிளாஸ்டிக் பேசின் போதும். அரையடி உயரத்துக்கு அதே தொட்டித் தண்ணீரையே துணியில் வடித்து ஊற்றுங்கள். வடிக்காவிட்டால் தும்பிப் புழு சேர்ந்து வந்து குஞ்சுகளைப் பிடித்துத் தின்னும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்துத்தான் சேர்க்க வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருகிற கடினத் தண்ணீர், தங்கமீனுக்கு அது ஒத்துப்போகும். காற்று பம்ப் இருந்தால் குமிழ் மெதுவாக வரட்டும். நிழலில் வைத்து நுளம்பு வலையால் மூடுங்கள். பெரிய மீன் இல்லாத தண்ணீரில் நுளம்பு முட்டையிடும், டெங்குக் காலத்தில் வீடு பார்க்க வருகிறவர்களிடம் ஏச்சும் வாங்க வேண்டும்.

மறுநாள் வெள்ளையாகிப் பஞ்சு பிடித்தவை கருக்கட்டாதவை. அவற்றைக் குறட்டால் எடுத்துவிடுங்கள், பக்கத்து முட்டைக்கும் பூஞ்சணம் பரவும். நல்ல முட்டையில் இரண்டு கறுப்புப் புள்ளி தெரியும், அது கண். எங்கள் வெப்பத்துக்கு இரண்டு மூன்று நாளில் பொரிக்கும், மார்கழிக் குளிரில் இன்னும் கொஞ்சம் பிந்தும்.

படி 5: சாப்பாடு

பொரித்த குஞ்சு கண்ணிமை மயிர்த் துண்டுபோல் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்போது எதுவும் போடக்கூடாது, வயிற்றிலுள்ள கருவே அதற்குச் சாப்பாடு. நீந்தத் தொடங்கினால் பசி வந்துவிட்டது என்று அர்த்தம்.

முதல் கிழமைக்குப் பச்சைத் தண்ணீர்தான் நல்லது. மீன் தொட்டித் தண்ணீர் ஒரு வாளியை ஒரு கிழமைக்கு முன்பே வெயிலில் வைத்துவிட்டால், நுண்ணுயிர்கள் பெருகிப் பச்சை பிடித்திருக்கும். அதில் ஒரு குவளை காலையும் மாலையும். அது இல்லையென்றால் அவித்த முட்டை மஞ்சட்கருவில் பட்டாணி அளவைத் துணியில் கட்டித் தண்ணீரில் பிழிந்து, சில துளி மட்டும் விடுங்கள். நான் ஆசைக்கு ஒரு கரண்டி விட்டேன். அடுத்த நாள் தண்ணீர் நாறி, பாதிக் குஞ்சு அடியில் கிடந்தது. பிறகு ஆட்டீமியா (உப்புநீரில் வளரும், இறால் போன்ற மிகச் சிறிய உயிர்), பொடியாக்கிய மீன் தீவனம் என்று மாற்றலாம். அடியில் சேரும் அழுக்கை நாளாந்தம் மெல்லிய குழாயால் உறிஞ்சி, எடுத்த அளவுக்குப் பழைய தொட்டித் தண்ணீரை ஊற்றுங்கள்.

குஞ்சுகள் எல்லாம் மண்ணிறமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். பொன்னிறம் வர மாதக்கணக்கில் ஆகும், சிலதுக்கு வராமலே போகும். தொட்டியில் கோய் இருந்தால் கலப்புக் குஞ்சும் பிறக்கலாம், அவை பெரும்பாலும் மலடு. பெரிய மீன்களோடு சேர்க்கும் நாளுக்குக் கணக்கு ஒன்றுதான்: இருக்கிறதிலேயே பெரிய கோயின் வாயைப் பாருங்கள், அதற்குள் நுழையாத அளவுக்குக் குஞ்சு வளர்ந்ததும் விடுங்கள்.