பூனைக்கு இன்சுலின்: வீட்டில் நடக்கும் தவறுகள்

"பூனைக்குமா சுகர் வரும்?" என்று நெல்லைப் பக்கம் இன்னும் கேட்கிறார்கள். வரும். நடுவயதைத் தாண்டி, உடம்பு போட்டு, வீட்டுக்குள்ளேயே கிடக்கும் ஆண் பூனைகளுக்கு அதிகமாக வரும். ஒன்றுக்கு இருந்த இடத்தில் எறும்பு மொய்க்கும். தண்ணீர்க் கிண்ணம் காலியாகிக்கொண்டே இருக்கும். நன்றாகத் தின்றும் இளைக்கும். சில பூனைகள் பின்னங்காலின் குதி தரையில் படும்படி நடக்க ஆரம்பிக்கும். இதையெல்லாம் கவனித்து டாக்டரிடம் கொண்டுபோய்விடுகிறார்கள். தவறுகள் தொடங்குவது ஊசி வீட்டுக்கு வந்த பிறகுதான்.

முதலாவது, ஆபத்தில் பெரியதும்கூட, மருந்துக்குப் பொருந்தாத சிரிஞ்சு. நம் ஊர் மெடிக்கலில் இன்சுலின் குப்பி பெரும்பாலும் இரண்டு அடர்த்தியில் கிடைக்கிறது: ஒரு மில்லியில் 40 யூனிட், ஒரு மில்லியில் 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை. பொதுவாக 40-க்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. மில்லிக்கு 100 யூனிட் உள்ள கிளார்ஜின் என்ற இன்சுலினை சிவப்பு மூடி சிரிஞ்சில் 2 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 2 யூனிட் அல்ல, 5 யூனிட். நாலு கிலோ பூனைக்கு அது உயிருக்கே ஆபத்து. மாற்றிச் செய்தால், அதாவது மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் இழுத்தால், 2 கோட்டில் 0.8 யூனிட்தான் போகும். சுகர் இறங்கவில்லையே என்று டோஸைக் கூட்டுவார்கள். பிறகு யாரோ ஒருநாள் சரியான சிரிஞ்சை வாங்கிவருவார்கள், அன்றைக்குப் பூனை விழும். மூடியின் நிறத்தை மட்டும் நம்பாமல் சிரிஞ்சிலும் குப்பியிலும் அச்சிட்டிருக்கும் எண்ணை ஒவ்வொரு முறை வாங்கும்போதும் ஒத்துப்பாருங்கள். கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான்" என்றால் வாங்காமல் திரும்பிவிடுவது நல்லது.

அடுத்தது, டோஸ் கூட்டும் அவசரம். சராசரிப் பூனைக்குத் தொடக்கம் பெரும்பாலும் காலை 1 யூனிட், மாலை 1 யூனிட். எடை கூடிய பூனைக்கும் முதலிலேயே 2-ஐத் தாண்டுவதில்லை. மருந்து உடம்பில் நிலைப்பட 5 முதல் 7 நாள் ஆகும். அதற்குள் சுகர் மீட்டரில் 350 பார்த்துப் பதறிக் கூட்டக் கூடாது. கூட்டுவதானாலும் அரை யூனிட்தான், அதுவும் டாக்டரைக் கேட்டு. சுகர் இரண்டு நாள் ஏறிக்கிடப்பதைப் பூனை பெரும்பாலும் தாங்கும். இரண்டு மணி நேரம் அடியில் கிடந்தால் தாங்காது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. டோஸ் அதிகமாகி நடுவில் சுகர் விழுந்தால், உடம்பு ஈரலில் சேர்த்துவைத்த சர்க்கரையை அள்ளி விடும். அடுத்த ஊசி நேரத்தில் மீட்டர் 400 காட்டலாம். நடுவில் நடந்தது தெரியாதவர் மருந்து போதவில்லை என்று இன்னும் கூட்டுவார். அதனால் ஊசிக்கு முன்பு மட்டும் பார்ப்பது போதாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஊசி போட்டதிலிருந்து இரண்டு மணிக்கொரு தடவை, 12 மணி நேரத்துக்கு அளந்து எழுதிவையுங்கள். மிகத் தாழ்ந்த அளவு 80-க்கும் 150-க்கும் நடுவே நின்றால் டோஸ் சரி. ஊசிக்கு முன்பே 150-க்குக் கீழே இருந்தால் போடாமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

அளக்கும் இடமும் முக்கியம். கூடையில் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் வராந்தாவில் உட்காரவைத்தால் சுகர் இல்லாத பூனைக்கே 300 காட்டும். வீட்டில், மடியில் வைத்து, காதை வெதுவெதுப்பான துணியால் ஒற்றி, ஓரத்தில் வாசலின் லேசாகத் தடவிக் குத்தினால் ரத்தம் முடியில் பரவாமல் முத்தாக நிற்கும். மனிதர் மீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைத்தே காட்டும். எந்த மீட்டரானாலும் மாற்றாமல் ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில், மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறும் தயிர்ச்சோறும் சுகர் பூனைக்கு ஆகாது. உலர் தீனியிலும் மாவுச்சத்து நிறைய. மாவுச்சத்து குறைந்த ஈரத் தீனிதான் நல்லது. ஆனால் இன்சுலின் போய்க்கொண்டிருக்கும்போது ஒரே நாளில் சோற்றை நிறுத்தினால் பழைய டோஸே அதிகமாகிவிடும். பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக, அளந்து பார்த்தபடி மாற்றுங்கள். பாகற்காய்ச் சாறு, ஆவாரம்பூக் கஷாயம், தாத்தாவின் சுகர் மாத்திரை எதுவும் வேண்டாம்.

மருந்தை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். ஃப்ரீஸரை ஒட்டிய தட்டில் வைத்து உறைந்துவிட்டால், உருகினாலும் அது குப்பைக்குத்தான். சித்திரை வெயிலில் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகிறவர்கள் ஸ்கூட்டர் டிக்கியில் போடாமல், ஐஸ் நேரடியாகப் படாதபடி துணி சுற்றி ஃபிளாஸ்கில் வைக்கவும். கலங்கலான இன்சுலினை உள்ளங்கையில் உருட்டுங்கள், குலுக்காதீர்கள். போடும்போது தோலுக்குள் போகாமல் முடி நனைந்து மருந்து வாடை அடித்தால், மறுபடி போடாதீர்கள். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. அடுத்த வேளைவரை பொறுப்பதே பத்திரம். மறந்த வேளைக்கும் சேர்த்து இரட்டை டோஸ் ஒருபோதும் கூடாது.

சொறிக்கோ ஈறு புண்ணுக்கோ ஸ்டீராய்டு ஊசி போட்டால் சுகர் எகிறும். வேறு டாக்டரிடம் போகும்போது சுகர் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பூனை சாப்பிடாத நாளில் முழு டோஸைப் போடுவதும் தவறு, இன்சுலினை நாள்கணக்கில் நிறுத்திவிடுவதும் தவறு. எவ்வளவு என்று அன்றே டாக்டரைக் கேட்க வேண்டும். வாந்தியும் சோர்வும் சேர்ந்து, சிறுநீரைத் தொட்டுப் பார்க்கும் பட்டையில் கீட்டோன் (இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பைக் கரைக்கும்போது சேரும் அமிலப் பொருள்) தெரிந்தால் அன்றிரவே ஆஸ்பத்திரி.

60-க்குக் கீழே போனாலோ, தள்ளாட்டம், நடுக்கம், வெறித்த பார்வை தெரிந்தாலோ மீட்டரைத் தேடி நேரம் போக்காதீர்கள். குளுக்கோஸ் பொடியைச் சில சொட்டுத் தண்ணீரில் குழைத்து ஈறில் தடவுங்கள், இல்லையென்றால் தேன். கருப்பட்டியைத் தட்டிக் கரைத்துக்கொண்டிருக்க அப்போது நேரம் கிடையாது. வலிப்பு வந்த பூனையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறும். தெளிந்ததும் தீனி கொடுத்து, கால் மணிக்கொரு தடவை அளந்தபடியே டாக்டரிடம் கிளம்புங்கள். ஏறிய சுகர் மறுபடி விழலாம். அடுத்த வேளை ஊசியை அவர் சொல்லாமல் போடாதீர்கள்.